சிறு வியாபார நிலையங்களும் தொலைத்தொடர்பு இணைப்புகளும்: நம்பகத்தன்மையை எங்கே தேடுவது?

யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, நுவரெலியா என எந்த நகரத்தின் பிரதான வீதியில் நடந்து சென்றாலும், சிறு வியாபார நிலையங்களின் பெயர்ப் பலகைகள் ஒரு வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருப்பதைக் காணலாம். 021, 024, 065, 052 எனத் தொடங்கும் நிலையான தொலைபேசி எண் ஒன்று மேலே எழுதப்பட்டிருக்கும். அதன் கீழே கையடக்கத் தொலைபேசி எண்கள் இரண்டோ மூன்றோ இருக்கும். அவற்றுள் ஒன்று வர்ணம் பூசி மறைக்கப்பட்டிருக்கும். ஒரு காலத்தில் வீடுதோறும் கடைதோறும் காணப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட சீ.டி.எம்.ஏ. தொலைபேசியின் எண்ணாக அது இருக்கக்கூடும். பச்சை நிற வட்ஸ்அப் அடையாளத்துடன் புதிதாக எழுதப்பட்ட எண்ணொன்று கடைசியில் காணப்படும். மறைக்கப்பட்ட ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும், அந்த எண்ணுக்கு அழைத்துப் பதில் கிடைக்காமையினால் வேறு கடையை நாடிச் சென்ற வாடிக்கையாளர் சிலர் இருந்திருப்பர் என்பதை அக்கடையின் உரிமையாளர்கூட அறிந்திருக்க மாட்டார்.

தொலைபேசி இணைப்பைப் பெறுவதற்கு விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலமொன்று எமது நாட்டில் இருந்தது. இன்று நிலைமை தலைகீழானது. சேவை நிறுவனங்களின் விற்பனைப் பிரதிநிதிகள் கடை வாசலுக்கே வந்து இணைப்பைத் தருவதாகக் கூறுகின்றனர். எனவே இணைப்பைப் பெறுவது இன்று பிரச்சினையல்ல. பெற்ற இணைப்பு தேவையான வேளையில் வேலை செய்யுமா என்பதே பிரச்சினையாகும். சாப்பாட்டுக்கடைக்கு மதிய உணவுக்கான கட்டளை காலை பத்து மணிக்கு முன்னர் வட்ஸ்அப் மூலம் வருகிறது. பலசரக்குக் கடையின் கடனட்டை இயந்திரம் இணைப்பின்றிப் பணம் பெறாது. விடுதிகளுக்கான பதிவு வெளிநாட்டு இணையத்தளங்களினூடாக நள்ளிரவிலும் வருகிறது. பெரிய நிறுவனமொன்றில் இணைப்பு அறுந்தால் அதனைக் கவனிப்பதற்கென ஒரு பிரிவே இருக்கும். சிறு வியாபாரியிடம் அவ்வாறான எவரும் இல்லை. அவரே முதலாளி, அவரே காசாளர், ரவுட்டரை அணைத்து மீண்டும் போட்டுப் பார்ப்பவரும் அவரே.

எமக்குத் தெரிந்த அச்சக உரிமையாளர் ஒருவரின் அனுபவத்தை இங்கு குறிப்பிடுவது பொருத்தமாகும். யாழ். குடாநாட்டில் உள்ள அவருடைய அச்சகத்தின் வருமானத்தில் கணிசமான பகுதி, 31ஆம் நாள் கிரியைகளின்போது வெளியிடப்படும் நினைவு மலர்களை அச்சிடுவதன் மூலம் கிடைக்கின்றது. திருமண அழைப்பிதழ் ஒருநாள் பிந்தினாலும் சமாளித்துக்கொள்ளலாம். நினைவு மலரை 32ஆம் நாளில் கையளிக்க முடியாது. அதற்கான புகைப்படங்களும் கட்டுரைகளும் கனடாவிலும் பிரான்ஸிலும் இருக்கும் பிள்ளைகளிடமிருந்து இணையத்தின் வழியாகவே வந்து சேரவேண்டும். இதனை நன்குணர்ந்த அவர், ஒரு நிறுவனத்தின் கம்பிவழி இணைப்பையும், அது தடைப்பட்டால் பயன்படுத்துவதற்கென வேறு பெயரிலான நிறுவனமொன்றின் சிம் அட்டை ரவுட்டரையும் வைத்திருந்தார். மாரி மழையுடன் வீசிய காற்றில் வீதியோர மரமொன்று சரிந்தபோது கம்பிவழி இணைப்பு அறுந்தது. ரவுட்டரை இயக்கினார். அதில் சமிக்ஞை முழுமையாகக் காட்டியது, ஆயினும் ஒரு புகைப்படத்தைக்கூடப் பெற முடியவில்லை. அயலிலுள்ள கோபுரத்துக்குச் செல்லும் வடமும் அதே வீதியில், அதே கம்பங்களிலேயே தொங்கிக்கொண்டிருந்தது என்ற விடயம் பின்னரே தெரியவந்தது. "தம்பி, அம்மாவின்ரை படங்கள் வந்ததோ?" என்று வெளிநாட்டிலிருந்து அழைத்துக் கேட்டவர்களுக்கு இரண்டு நாட்களாக அவரால் சரியான பதிலைக் கூற முடியவில்லை. இறுதியில் நகரத்தில் உள்ள நண்பர் ஒருவரின் கடைக்குச் சென்று பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்து, இரவிரவாக வேலைசெய்து மலரைக் கையளித்தார்.

மாதாமாதம் இரண்டு நிறுவனங்களுக்குப் பணம் செலுத்தியும் அவரிடம் உண்மையில் இருந்தது ஒரு வழிதான். சிறு வியாபாரிகள் பலரும் தவறுவது இந்த இடத்திலேயாகும். எந்த நிறுவனம் நல்லது என்பதே பொதுவாக எல்லோரும் கேட்கும் கேள்வி. ஆனால், எந்த நிறுவனமாயினும் என்றோ ஒருநாள் தடைப்படவே செய்யும். ஆகவே, ஒன்று தடைப்படும் அதே காரணத்தால் தடைப்படாத இன்னொன்று எம்மிடம் உள்ளதா என்பதே கேட்கப்படவேண்டிய கேள்வியாகும்.

இக்கேள்விக்கு விடை காண்பதற்கு நிறுவனங்களின் பெயர்களுக்குப் பின்னால் உள்ள உரிமையை முதலில் அறிந்திருத்தல் அவசியம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டமும், 1996இல் அச்சட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் மூலம் அமைக்கப்பட்ட தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் இத்துறையில் போட்டிக்கு வழிவகுத்தன. 1989இல் செல்டெல், 1995இல் டயலொக், அதன்பின் நிலையான தொலைபேசித் துறையில் சன்டெல், லங்கா பெல் என நிறுவனங்கள் பெருகின. போட்டியினால் கட்டணங்கள் வீழ்ச்சியடைந்தன. பின்னர் எதிர்த்திசையில் ஒரு மாற்றம் ஏற்பட்டது. 2012இல் சன்டெல் நிறுவனத்தை டயலொக் கொள்வனவு செய்தது. செல்டெல், டிகோவாகி, எட்டிசலாட்டாகி, 2018இல் ஹட்ச் நிறுவனத்துடன் இணைந்தது. ஸ்ரீலங்கா ரெலிகொமுக்குச் சொந்தமான மொபிடெல் 2021 முதல் தாய் நிறுவனத்துடன் ஒரே பெயரில் இயங்கத் தொடங்கியது. 2024 ஜூன் மாதம் எயார்டெல் லங்கா நிறுவனம் டயலொக் வசமானது. இவற்றின் விளைவாகக் கையடக்கத் தொலைபேசித் துறையில் எஞ்சியிருப்பது மூன்று குழுமங்கள் மாத்திரமே.

இதன் நடைமுறை அர்த்தம் யாது? 077 எண் ஒன்றையும் 075 எண் ஒன்றையும் வைத்துக்கொண்டு, ஒன்று போனாலும் மற்றையது இருக்கும் என நம்பியிருந்த கடைக்காரர், 2024 நடுப்பகுதியிலிருந்து ஒரே உரிமையாளரின் இரண்டு கதவுகளையே வைத்திருக்கிறார். 072, 078 எண்களை வைத்திருப்பவரின் நிலையும் அத்தகையதே. வீட்டு வாசலில் ரெலிகொம் ஒளியிழை இணைப்பும் கையில் 071 அல்லது 070 எண்ணும் வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும். இவ்வாறு வைத்திருப்பது பிழையென்று கூறவரவில்லை. ஒரே நிறுவனத்திடம் இரண்டையும் பெறும்போது கட்டணச் சலுகையும் கிடைக்கக்கூடும். ஆனால், அதனை மாற்று ஏற்பாடு என எண்ணி நிம்மதியடைவதே பிழையாகும்.

ஒரே வழியில் தங்கியிருப்பதன் ஆபத்தை இந்நாடு முழுவதும் ஒருமுறை அனுபவித்திருக்கின்றது. 2004 ஓகஸ்ட் மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் இந்தியக் கப்பல் ஒன்றின் நங்கூரம், நாட்டை உலகத்துடன் இணைத்திருந்த சீ-மீ-வீ 3 கடலடி வடத்தைச் சேதப்படுத்தியது. இணையமும் வெளிநாட்டு அழைப்புக்களும் பெருமளவில் ஸ்தம்பித்தன. அதன் பின்னர் சீ-மீ-வீ 4 வடமும், மாத்தறையில் கரையேறும் சீ-மீ-வீ 5 வடமும், கல்கிசையில் கரையேறும் வங்காள விரிகுடா வடமும் வந்தன. இன்று ஒரு வடம் அறுந்தாலும் நாடு இருளில் மூழ்காது. நாடு கற்றுக்கொண்ட அந்தப் பாடம் கடைத்தெருவை வந்தடையவில்லை. கடலுக்கடியில் பல வழிகள் இருந்தும், கடைக்கு முன்னாலுள்ள கம்பத்தில் ஒரு வழிதான் இருக்கின்றது.

கடைக்கு வந்து சேரக்கூடிய வழிகள் நான்கு. பழைய செப்புக் கம்பி, ஃபைபர் என எல்லோராலும் அழைக்கப்படும் ஒளியிழை, கோபுரத்திலிருந்து வரும் நான்காம் தலைமுறை அலைவரிசை, அண்மையில் வந்து சேர்ந்த செய்மதி இணைப்பு என்பனவே அவை. செப்புக் கம்பியில் இணைய வேகம் பரிமாற்று நிலையத்திலிருந்து உள்ள தூரத்துக்கேற்பக் குறைந்துகொண்டே போகும். நாலைந்து கிலோமீற்றருக்கு அப்பால் அதனை நம்பி வியாபாரம் செய்ய இயலாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் இடிமின்னல் அக்கம்பி வழியாக உள்ளே வந்து ரவுட்டரைக் கருக்கிவிட்டுப் போவதும் பலர் கண்ட அனுபவமே. ஒளியிழை கண்ணாடியினால் ஆனது. மின்னலைக் கடத்தாது, தூரத்தினால் வேகம் குறைவதுமில்லை. எனவே ஒளியிழை கிடைக்கும் இடத்தில் அதனை முதல் இணைப்பாகக் கொள்வதில் இரண்டாவது யோசனை தேவையில்லை.

எனினும், செப்புக் கம்பிக்கு இருந்த ஒரு சிறப்பை ஒளியிழைக்கு மாறும்போது இழக்கிறோம் என்பதை விற்பனைப் பிரதிநிதிகள் பெரும்பாலும் கூறுவதில்லை. பழைய தொலைபேசி இயங்குவதற்குத் தேவையான மின்சாரம், சுமார் 48 வோல்ட் அளவில், பரிமாற்று நிலையத்தின் பற்றரிகளிலிருந்து அதே கம்பி வழியாகவே வந்தது. ஊர் முழுவதும் மின்சாரம் இல்லாதபோதும் தொலைபேசி ஒலித்ததன் இரகசியம் அதுவே. ஒளியிழையில் ஒளி மாத்திரமே வரும். கடையில் மின்சாரம் நின்றால் சுவரிலுள்ள சிறு பெட்டியும் அதனோடு இணைந்த தொலைபேசியும் அக்கணமே ஊமையாகிவிடும்.

மின்சாரத்தைப் பற்றிப் பேசாமல் இந்நாட்டில் தொலைத்தொடர்பைப் பற்றிப் பேச இயலாது. 2022 மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை நீடித்தமையை எவரும் மறந்திருக்க முடியாது. கோபுரங்களில் உள்ள பற்றரிகள் சில மணித்தியாலங்களுக்கே தாக்குப்பிடிக்கக்கூடியவை. மின்பிறப்பாக்கிகளுக்கு ஊற்றுவதற்கு டீசலும் இல்லாத காலம் அது. மின்வெட்டின் முதலாவது மணித்தியாலத்தில் கிடைத்த சமிக்ஞை நான்காவது மணித்தியாலத்தில் கிடைக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று நாடு முழுவதையும் இருளில் தள்ளியது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி விளையாட்டல்ல. மலையகத்தில் மண்சரிவுகள் வீதிகளையும் ஒளியிழை வடங்களையும் சேர்த்தே அள்ளிச் சென்றன. மின்சாரமும் நின்றமையால் பெருந்தொகையான கோபுரங்கள் செயலிழந்தன. உறவினர்கள் உயிரோடு இருக்கிறார்களா என அறிய முடியாமல் மக்கள் தவித்த அந்நாட்களில் வியாபாரத்தைப் பற்றி எண்ணுவது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆயினும், அரிசியும் பாணும் மருந்தும் விற்கும் சிறிய கடைகள் மொத்த வியாபாரிகளுடன் பேச முடியாமற் போனபோது, அது ஊராரின் பிரச்சினையாகவே மாறியது.

கோபுரத்தின் மின்சாரம் எமது கட்டுப்பாட்டில் இல்லை. கடைக்குள் உள்ள மின்சாரம் எமது கட்டுப்பாட்டில் உள்ளது. ரவுட்டர்களில் பெரும்பாலானவை 12 வோல்ட் மின்னில் மிகக் குறைந்த சக்தியில் இயங்குபவை. அவற்றுக்கென விற்கப்படும் சிறிய பற்றரிப் பெட்டியொன்று சில மணித்தியாலங்களுக்கு இணைப்பை உயிரோடு வைத்திருக்கும். கணினிக்கென வாங்கும் பாரமான யூ.பி.எஸ். பத்து இருபது நிமிடங்களில் களைத்துப்போய்விடுவதைக் கண்டவர்கள், இச்சிறு பெட்டி தரும் நேரத்தைக் கண்டு வியப்படைவர். ஒளியிழைப் பெட்டியும் ரவுட்டரும் வெவ்வேறாக இருப்பின் இரண்டையும் அதில் இணைக்கவேண்டும். ஒன்றை மாத்திரம் இணைத்துவிட்டு இணைப்பு வரவில்லையே எனத் திகைப்போரும் உளர். வாங்கும்போது ரவுட்டரின் அடியில் எழுதப்பட்டுள்ள வோல்ட் அளவும் அம்பியர் அளவும் பொருந்துகின்றனவா எனப் பார்த்து வாங்கவேண்டும்.

செய்மதி இணைப்பு குறித்து இப்போது பலரும் விசாரிக்கின்றனர். 2024இல் தொலைத்தொடர்புகள் சட்டம் திருத்தப்பட்டதைத் தொடர்ந்து ஸ்டார்லிங்க் நிறுவனம் அனுமதிப்பத்திரம் பெற்று, 2025 ஜூலை மாதம் இலங்கையில் சேவையை ஆரம்பித்தது. வீதியோரக் கம்பத்திலோ அயலிலுள்ள கோபுரத்திலோ அது தங்கியிருப்பதில்லை என்பதால் உண்மையான மாற்று வழி என்ற தகுதி அதற்குண்டு. கோபுரம் எட்டாத தோட்டப்புற விடுதிக்கோ, ஏதேனும் தீவிலுள்ள மீன் ஏற்றுமதியாளருக்கோ அது வரப்பிரசாதமாக அமையலாம். ஆனால், திறந்த வானம் தேவை, தென்னை மரங்களின் நிழல் ஆகாது. சாதாரண ரவுட்டரைக் காட்டிலும் பன்மடங்கு மின்சாரத்தை உட்கொள்வதால் மேற்கூறிய சிறு பற்றரிப் பெட்டியும் அதற்குப் போதாது. நகரத்துச் சாப்பாட்டுக்கடைக்கு அத்தகைய செலவு அவசியமற்றது. ஒளியிழையுடன், வேறு குழுமத்தின் நான்காம் தலைமுறை ரவுட்டர் ஒன்றை வைத்துக்கொண்டால் நகரப்புறத்தில் பெரும்பாலானோருக்குப் போதுமானது.

அந்த இரண்டாவது ரவுட்டர் எந்த நிறுவனத்துடையதாக இருக்கவேண்டும் என்பதை விளம்பரமோ நாடளாவிய வரைபடமோ தீர்மானிக்கக்கூடாது. கொழும்பில் வேகமான நிறுவனம் கொடிகாமத்தில் மந்தமாக இருக்கலாம். ஒரே வீதியின் இரு முனைகளிலும்கூட வேறுபாடு காணப்படும். தடித்த சுவரும் தகரக் கூரையும் கொண்ட களஞ்சியத்தின் உட்பகுதியில் சமிக்ஞை நுழையாது. ஆகையால், ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவதற்கு முன்னர் மூன்று குழுமங்களின் முற்கொடுப்பனவு சிம் அட்டைகளையும் வாங்கி, கடையின் காசாளர் மேசையில் வைத்தே ஒரு வாரம் பரீட்சித்துப் பார்ப்பது சிறந்ததாகும். சில நூறு ரூபா செலவில் முடியும் காரியம் இது. காலையில் மாத்திரம் சோதிப்பதில் பயனில்லை. பாடசாலைப் பிள்ளைகள் வீடு திரும்பி, ஊரே கைத்தொலைபேசியில் படம் பார்க்கும் இரவு ஏழு மணி முதல் பத்து மணி வரையான வேளையில் கோபுரம் திணறும். அந்த வேளையில் வியாபாரம் நடத்தும் கடையாயின் அந்த வேளையிலேயே சோதிக்கவேண்டும். அத்துடன், அயற்கடைக்காரரிடம், "உங்களுடையது வேகமா?" என்று கேட்பதைவிட, "கடந்த மாரியில் அறுந்தபோது எத்தனை நாளில் வந்து திருத்தினார்கள்?" என்று கேட்பதே பயனுள்ளது.

வேகம் என்ற சொல்லும் தெளிவுபடுத்தப்பட வேண்டியதாகும். விளம்பரத்தில் கூறப்படுவது மெகாபிட் கணக்காகும். எமது கோப்புக்கள் மெகாபைட் கணக்கில் அளக்கப்படுகின்றன. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 40 மெகாபிட் இணைப்பில் செக்கனுக்கு 5 மெகாபைட்டே வந்து சேரும். அதுவும் இறக்கும் வேகம். ஏற்றும் வேகம் பெரும்பாலும் அதனிலும் குறைவு. அச்சகத்துக்கோ புகைப்பட நிலையத்துக்கோ ஏற்றும் வேகமே முக்கியமானது. விற்பனைப் பிரதிநிதி அதனைத் தானாகக் கூறமாட்டார், கேட்டே அறியவேண்டும்.

கடனட்டை இயந்திரத்துக்கும் வட்ஸ்அப் செய்திகளுக்கும் மிகக் குறைந்த அளவு தரவே போதும். மாதாந்தத் தரவு எதனால் தீர்ந்துபோகின்றது என்று தேடினால், பல கடைகளில் குற்றவாளியாக நிற்பது பாதுகாப்புக் கமராவேயாகும். செக்கனுக்கு ஒரு மெகாபிட் வீதம் இடைவிடாமல் இணையத்துக்குப் படம் அனுப்பும் ஒரே ஒரு கமரா, நாளொன்றுக்கு ஏறத்தாழ 10.8 கிகாபைட்டை விழுங்கும். 30 நாட்களில் அது 324 கிகாபைட். இத்தகைய நான்கு கமராக்களைப் பூட்டிவிட்டு 100 கிகாபைட் பொதியை வாங்கிய கடைக்காரர், மாதத்தின் மூன்றாம் நாளில் நிறுவனத்தைத் திட்டுவதில் நியாயமில்லை. படங்களைக் கடையிலுள்ள பதிவுப் பெட்டியிலேயே சேமித்து, தேவைப்படும்போது மாத்திரம் தொலைவிலிருந்து பார்க்குமாறு அமைத்தால் இச்செலவு இல்லாமற் போகும். பகல் தரவு, நள்ளிரவுக்குப் பிந்திய தரவு எனப் பிரித்துத் தரப்படும் பொதிகளில் மொத்தத் தொகையைப் பார்த்து மயங்குவதும் கூடாது. இரவு எட்டு மணிக்குப் பூட்டும் கடைக்கு நள்ளிரவுத் தரவு எதற்கு? "வரையறையற்றது" என விற்கப்படும் பொதிகளிலும் குறிப்பிட்ட அளவுக்குப் பின்னர் வேகம் குறைக்கப்படுவதுண்டு. அந்த அளவு எது, குறைந்த பின் எஞ்சும் வேகம் எவ்வளவு என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும்.

ஒப்பந்தத்தில் 99 வீத நம்பகத்தன்மை எனக் காணும்போது மனம் திருப்தியடைகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு வீதத் தடை என்பது வருடத்துக்கு 87 மணித்தியாலங்களுக்கும் அதிகம், அதாவது மூன்றரை நாட்களுக்கு மேல். அந்த மூன்றரை நாட்களும் தீபாவளிக்கு முன்னரான கிழமையில் வந்தாலும் நிறுவனம் வாக்குத் தவறியதாகாது. 99.9 வீதமாயின் வருடத்துக்கு ஒன்பது மணித்தியாலங்களுக்குச் சற்றுக் குறைவு. அத்தகைய உறுதிமொழி வர்த்தகப் பொதிகளிலேயே கிடைக்கக்கூடும், கட்டணமும் அதற்கேற்ப உயரும். வீட்டுப் பொதியை விடக் கூடுதலாகச் செலுத்தும்போது அதிக வேகத்தையன்றி விரைவான திருத்தத்தையே விலைகொடுத்து வாங்குகிறோம். ஆகவே, பழுது அறிவிக்கப்பட்டு எத்தனை மணித்தியாலத்தில் ஆள் வருவார், வராவிடின் கட்டணத்தில் எவ்வளவு கழிக்கப்படும், குறைந்தபட்ச ஒப்பந்தக் காலம் எவ்வளவு, இடையில் விலகினால் தண்டம் உண்டா என்பவற்றை வினவாமல் கையொப்பமிடலாகாது. கட்டணத்துடன் வரிகளும் சேரும் என்பதையும் மறக்கலாகாது. பெறுமதி சேர் வரி மாத்திரமே 2024 ஜனவரி முதல் 18 வீதமாக உயர்ந்தது. அவ்வரிக்குப் பதிவுசெய்துள்ள வியாபாரியாயின் மாதாந்தப் பட்டியல் வியாபாரத்தின் பெயரிலேயே இருக்கவேண்டும்.

பெயர் என்ற இவ்விடயம் வரிக்கு அப்பாலும் முக்கியமானது. எமது சிறு கடைகள் பலவற்றில் வாடிக்கையாளர் அனைவரும் அறிந்த எண், கடையில் முன்னர் வேலை செய்த பையனின் தேசிய அடையாள அட்டையில் பெறப்பட்ட சிம் அட்டையாக இருக்கின்றது. அவர் சண்டையிட்டுச் சென்றால் எண்ணும் அவருடன் போகும். போகாவிட்டாலும், தொலைபேசி தொலைந்து புதிய சிம் அட்டை பெறச் செல்லும் நாளில் அவரைத் தேடி மத்திய கிழக்குவரை தொடர்பு கொள்ள நேரிடும். வியாபாரப் பதிவுச் சான்றிதழைக் கொண்டுசென்று எண்ணை வியாபாரத்தின் பெயருக்கு மாற்றிக்கொள்வதற்கு அரை நாள் போதும். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி குறித்து இந்நாட்டில் மிக நீண்டகாலமாகப் பேசப்பட்டு வருகின்றது. இணைப்பைப் பெறும் நாளில் அது பற்றி விசாரிக்கலாம், ஆனால் அதனை நம்பி எண்ணைத் தெரிவுசெய்யலாகாது. எந்த எண்ணைப் பெயர்ப் பலகையில் எழுதுகிறோமோ அந்த எண்ணுக்குரிய நிறுவனத்துடனேயே பல ஆண்டுகள் வாழவேண்டியிருக்கும் என்றெண்ணித் தெரிவுசெய்வதே பாதுகாப்பானது.

மின்னஞ்சல் முகவரியும் இத்தகையதே. இணைய இணைப்பைத் தரும் நிறுவனத்தின் பெயரில் அமைந்த முகவரியைப் பலகையிலும் சிட்டையிலும் அச்சிட்டவர்கள், இணைப்பை மாற்ற விரும்பும்போது முகவரிக்குக் கட்டுண்டு கிடப்பர். சொந்தமாக ஓர் இணையப் பெயரைப் பதிவுசெய்தால் இச்சிக்கல் எழாது. தமிழிலேயே ".இலங்கை" என முடியும் பெயர்களும் 2010ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ளன. எமது வியாபாரிகள் அவற்றை அதிகம் நாடாதிருப்பது ஏன் என்பது தனியாக ஆராயப்படவேண்டியது.

வட்ஸ்அப் இருக்கையில் நிலையான தொலைபேசி எதற்கு என்ற கேள்வி இயல்பாக எழும். 2018 மார்ச் மாதம் கண்டி மாவட்டக் கலவரங்களின்போதும், 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களை அடுத்தும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் வட்ஸ்அப், பேஸ்புக் உள்ளிட்ட தளங்கள் அரசாங்க உத்தரவின் பேரில் முடக்கப்பட்டன. 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி எவருடைய உத்தரவுமின்றி, அந்நிறுவனத்தின் சொந்தத் தவறினால் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணித்தியாலங்கள் அவை நின்றன. இவ்வேளைகளில் இணைய இணைப்பு எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனிருக்கவில்லை. சாதாரணக் குரல் அழைப்பு வேலை செய்தது. பலகையில் 021 அல்லது 065 எனத் தொடங்கும் எண்ணொன்று இருப்பின், கடை எந்த ஊரில் உள்ளது என்பதை வெளியூர் வாடிக்கையாளர் உடனே அறிந்துகொள்வார். இணையத்தில் போலி விற்பனையாளர்கள் பெருகியுள்ள இந்நாட்களில் அதற்கும் ஒரு மதிப்புண்டு. வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்களை வட்ஸ்அப்பில் மாத்திரம் வைத்திராமல், மாதமொருமுறை ஒரு கொப்பியில் எழுதி வைக்கும் பழைய பழக்கத்தையும் கைவிடாதிருப்பது நன்று.

இத்தனைக்கும் பின்னர் இணைப்பு தடைப்பட்டு, நிறுவனம் கைகழுவினால் என்ன செய்வது? முதலில் நிறுவனத்திடம் முறைப்பாடு செய்து அதற்குரிய முறைப்பாட்டு இலக்கத்தைப் பெறவேண்டும். இலக்கமில்லாத முறைப்பாடு, முறைப்பாடே அல்ல. அதன் பின்னரும் பயனில்லையெனில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவை 1900 என்ற இலக்கத்தினூடாகவோ எழுத்து மூலமாகவோ நாடலாம். அங்கு முதலில் கேட்கப்படுவது திகதி, நேரம், முறைப்பாட்டு இலக்கம் ஆகியனவேயாகும். "அடிக்கடி அறுகிறது" என்று கூறுபவருக்கும், எந்தெந்த நாளில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை அறுந்தது எனக் காட்டுபவருக்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இருக்காது.

மேலே குறிப்பிட்ட அச்சகத்துக்கு அண்மையில் சென்றிருந்தபோது, ரவுட்டருக்கு அருகில் ஓர் ஆணியில் நூல் கட்டித் தொங்கவிடப்பட்ட கொப்பி ஒன்றைக் காண முடிந்தது. அதில் திகதி, அறுந்த நேரம், மீண்ட நேரம், முறைப்பாட்டு இலக்கம் என நான்கு நிரல்கள் கோடிடப்பட்டிருந்தன. சிம் அட்டை ரவுட்டர் வேறு குழுமத்துடையதாக மாற்றப்பட்டிருந்தது. அதன் கோபுரம் வேறு வீதியில் உள்ளது என்பதைத் தாமே துவிச்சக்கர வண்டியில் சென்று பார்த்து வந்ததாக உரிமையாளர் கூறினார். கொப்பியின் கடைசி வரியில் முறைப்பாட்டு இலக்கத்துக்குரிய இடம் வெறுமையாக இருந்தது. காரணத்தை வினவியபோது, அன்று கம்பிவழி இணைப்பு நான்கு மணித்தியாலங்கள் அறுந்திருந்ததாகவும், மற்றைய இணைப்பில் வேலை நடந்துகொண்டிருந்தமையால் அறிவிக்க மறந்துவிட்டதாகவும் அவர் தெரிவித்தார்.